வாயிலிற் கேட்கப்படும் சம்மதம்: இணைய விளையாட்டுத் தளங்களின் அறிவித்தல் உரைநடை பற்றிய ஒரு நோக்கு

ஒரு காலகட்டத்திலே மிகப் பெருந்தொகையான மக்களின் கண்முன் வைக்கப்படும் எழுத்து எதுவோ, அதனை அக்காலத்துத் திறனாய்வாளர் புறக்கணித்தல் தகாது. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய எழுத்துக்களுள் முதலிடம் பெறுவது இணையத்தளங்களின் வாயிலில் தோன்றும் ஒப்புதல் அறிவித்தலேயாகும். விளையாட்டுத் தளமொன்றினுள் நுழைய முனையும் பாடசாலை மாணவன் முதல், ஆய்வுக் கட்டுரை தேடிச் செல்லும் விரிவுரையாளர் வரை எவரும் அதனைக் கடந்தே உள்ளே செல்லல் வேண்டும். எனினும் அதனை முற்றாக வாசித்தோர் மிகச் சிலரே. பெருமளவில் வாசிக்கப்படாதிருத்தலையே தனது வெற்றிக்கு நிபந்தனையாகக் கொண்ட உரைநடை வகையொன்று எம் கண்முன் வளர்ந்து நிற்கின்றது.

இவ்வறிவித்தல் பற்றிச் சட்ட வல்லுநரும் கணினிப் பொறியியலாளரும் பலவாறு பேசியுள்ளனர். மொழியைப் பயில்வோர் அதனைத் தமக்குரிய பொருளாகக் கருதினாரல்லர். ஆயினும் இங்கு எழும் சிக்கல் அடிப்படையில் ஒரு சொல்லின் பொருள் பற்றியதாகும். ‘சம்மதம்’ என்பதே அச்சொல். கேள்வியின் வடிவத்தைத் தாங்கி நிற்கும் இவ்வறிவித்தல், ‘இல்லை’ என்னும் விடைக்கு மெய்யான இடமளிக்கின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விளையாட்டுத் தளங்களைச் சிறப்பாக எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. விளையாட்டு, தன்விருப்பின்பாற்பட்ட செயல். விருப்பம் பொய்யாகுமிடத்து, வேறெங்கும் காட்டிலும் அங்கேயே அப்பொய்ம்மை தெளிவாகப் புலனாகும்.

முதலில் இவ்வறிவித்தல் எதற்கு ஒப்புதல் கேட்கின்றது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியம். இணையப் பக்கங்களை அனுப்பும் சேவையகம் இயல்பிலே மறதியுடையது. ஒரு பக்கத்தைப் பெற்றவரே அடுத்த பக்கத்தையும் கேட்கின்றார் என்பதனை அது அறியாது. இணைய அங்காடியொன்றிற் பொருளொன்றைக் கூடையில் இட்டவர் அடுத்த பக்கத்துக்குச் சென்றதும் கூடை வெறுமையாகிவிடும். இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு, 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருலி என்னும் பொறியியலாளர் ஓர் எளிய வழியைக் கண்டார். சேவையகம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுத்து வைக்கும். உலாவி அடுத்த தடவை அங்கு செல்லும்போது அக்குறிப்பைத் திருப்பிக் காட்டும். இதுவே குக்கி எனப்படுவது. விளையாட்டுத் தளமொன்றில் ஒரு முறை கடவுச்சொல்லைக் கொடுத்தவர் பக்கந்தோறும் மீண்டும் அதனைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கும், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர முடிகின்றது என்பதற்கும் இத்தகைய நினைவே துணைசெய்கின்றது. இதனைக் குறைகூறுவார் எவருமிலர்.

ஆனால் ஒரு பக்கத்திலே தோன்றும் எல்லாப் பகுதிகளும் ஒரே சேவையகத்திலிருந்து வருவனவல்ல. அதன் ஓரத்திலுள்ள விளம்பரம் மூன்றாந் தரப்பாரின் சேவையகத்திலிருந்து வரக்கூடும். அவரும் தமது குக்கியை வைத்துச் செல்லலாம். அதே மூன்றாந் தரப்பாரின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இடம்பெறுமாயின், அவ்வாயிரம் தளங்களிலும் ஒருவர் சென்று வந்த வழியை அவர் கோவைப்படுத்திக்கொள்ளல் கூடும். இவ்வாபத்து தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1997ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தொழில்நுட்ப நியமம், மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பிருப்பாக ஏற்றல் ஆகாது என்றே கூறிற்று. அக்காலத்துப் பெரும் உலாவி நிறுவனங்கள் அதனைப் பின்பற்றவில்லை. விளம்பரத் தொழில் அத்திறந்த கதவின் வழியே வளர்ந்தது. இத்துறையில் முன்னின்ற டபிள்கிளிக் நிறுவனத்தை 3.1 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக 2007இல் கூகிள் அறிவித்தமை, மறதிக்கு மருந்தாகப் பிறந்த கருவி எத்தகைய பண்டமாக மாறிவிட்டது என்பதைக் காட்டுகின்றது. கைத்தொலைபேசி விளையாட்டுக்களிலே குக்கியின் இடத்தைக் கருவிக்குரிய அடையாள எண்கள் பிடித்துக்கொண்டன. பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே.

இனி அறிவித்தலின் மொழியை நோக்குவோம். பெரும்பாலான அறிவித்தல்கள், ‘உங்கள் அந்தரங்கத்தை நாம் மதிக்கின்றோம்’ என்னும் பொருள்படும் ஆங்கில வாக்கியத்துடனேயே தொடங்குகின்றன. அங்கு ஆளப்படும் வினைச்சொல்லுக்கு மரியாதை செய்தல் என்றும் விலை காணல் என்றும் இரு பொருளுண்டு. எமது மொழியிலும் மதித்தல், மதிப்பு, மதிப்பீடு என்பன அவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே தாங்கி வருவதால், தமிழாக்கத்திலும் அவ்விரட்டுறல் அழியாது நிற்கின்றது. மரியாதை என்று வாசகர் கொள்வர். விலை என்பதே தொழிலின் உண்மை. அடுத்து வருவது ‘நாம்’ என்னும் எழுவாய். அதனைத் தொடர்ந்து ‘எமது பங்காளர்கள்’ என்ற தொடர் வரும். பங்காளர் யாவர் என விரித்து நோக்கினால் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பட்டியல் கிடைப்பதுண்டு. ஒருவருடன் உரையாடுவதாக எண்ணிய வாசகர் ஒரு பெருங்கூட்டத்தின் முன் நிற்கின்றார்.

வினைச்சொற்களும் கவனத்துக்குரியன. ‘சேகரிக்கின்றோம்’, ‘விற்கின்றோம்’ என்பன அரிதாகவே வரும். ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’, ‘உங்களுக்கு உகந்தவற்றை வழங்க’ என்பனவே முன்னிற்கும். செய்வோன் மறைந்து, பெறுவோனே முன்னிறுத்தப்படுகின்றான். ‘செய்யக்கூடும்’ என்ற ஐயவினை உறுதியாகச் செய்யப்படுவதையும் நிகழக்கூடிய ஒன்றாக மாற்றிவிடுகின்றது. இத்தகைய உரைநடை அறியாமையாற் பிறந்ததன்று. எதைச் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் விதித்தபோது, எவ்வாறு சொன்னால் அது கேளாதொழியும் என்பதைக் கண்டுகொண்ட உரைநடை இது.

இறுதியாகப் பொத்தான்கள். ‘எல்லாவற்றையும் ஏற்கின்றேன்’ என்பது நிறந்தீட்டப்பட்டு எடுப்பாக நிற்கும். மறுப்பதற்கோ ‘மேலும் தெரிவுகள்’ என்ற மங்கிய தொடரின் வழியே படிபடியாகச் செல்லல் வேண்டும். இஃது உரைநடையின் ஒரு பகுதியன்றென ஒதுக்கிவிடல் இயலாது. எழுத்தின் பருமனும் இடமும் நிறமும் இங்கு வாக்கியத்தின் தொழிலையே செய்கின்றன. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 டிசெம்பர் 31ஆம் திகதியிட்ட தனது முடிவுகளிலே, ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வேண்டப்பட்டமையைக் காரணங்காட்டிக் கூகிளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. வடிவமும் பொருளின் கூறே என்று திறனாய்வாளர் நெடுங்காலமாகக் கூறிவருவதனை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையொன்று தனது வழியில் ஏற்றுக்கொண்டமை மனங்கொளத்தக்கது.

ஐரோப்பியச் சட்டம் சம்மதத்துக்கு வகுத்த இலக்கணம் தெளிவானது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, சம்மதம் சுயாதீனமாகத் தரப்படல் வேண்டும். குறித்த நோக்கத்துக்கு உரியதாதல் வேண்டும். அறிந்து தரப்படல் வேண்டும். ஐயத்துக்கு இடமற்றதாயிருத்தல் வேண்டும். இந்நான்கனுள் இறுதியானது எவ்வாறு காக்கப்பட்டது என்பதையும், முதலாவது எவ்வாறு வாயிலிலேயே நின்றுவிட்டது என்பதையும் ஒரு வழக்கு நன்கு உணர்த்தும்.

ஜேர்மனியின் பிளானெற் 49 என்னும் நிறுவனம் 2013ஆம் ஆண்டு இணையத்திலே பரிசுக் குலுக்கலொன்றை நடத்தியது. பெயரும் முகவரியும் கேட்கும் பக்கத்தில் இரு கூற்றுக்களும் அவற்றுக்குரிய இரு கட்டங்களும் இருந்தன. முதலாவது, விளம்பர நிறுவனங்கள் தபாலிலும் தொலைபேசியிலும் தொடர்புகொள்வதற்கு இணங்குவது. அக்கட்டத்திற் பங்குபற்றுவோரே அடையாளமிடல் வேண்டும். இடாதவர் குலுக்கலிற் பங்குபற்ற முடியாது. அங்கிருந்து சென்று பார்த்தால் 57 நிறுவனங்களின் பட்டியல் தோன்றும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே விலக்கலாம்; விலக்காவிடின் அவற்றுள் 30 வரை நிறுவனமே தெரிந்துகொள்ளும். இரண்டாவது கூற்று குக்கி வைப்பதற்கு இணங்குவது. அதன் கட்டத்தில் அடையாளம் முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. ஜேர்மன் நுகர்வோர் அமைப்புக்களின் கூட்டமைப்புத் தொடுத்த வழக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஒக்ரோபர் 1ஆம் திகதி அந்நீதிமன்றம், முன்கூட்டியே அடையாளமிட்ட கட்டத்தை அழிக்காமல் விடுவது சம்மதமாகாது எனத் தீர்த்தது. குக்கி எவ்வளவு காலம் நிலைக்கும், மூன்றாந் தரப்பார் அதனைப் பெறுவரா என்பனவும் சொல்லப்படல் வேண்டும் என்றது.

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது எம்மிடையே வழங்கும் முதுமொழி. அது கலியாணப் பேச்சிலே நாணி நிற்கும் பெண்ணின் விருப்பத்தைப் பிறர் தாமே கூறிவிடுவதற்குப் பயன்பட்டு வந்தமை நாமறிந்ததே. மேற்கூறிய தீர்ப்பு அம்முதுமொழியின் நியாயத்தை இணைய வாயிலில் நிராகரித்தது எனலாம். இஃது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடையாளமிடப்படாதிருந்த முதலாவது கட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். அங்கு பங்குபற்றுவோர் தம் கையாலேயே அடையாளமிட்டனர். ஆனால் இடாவிடின் கதவு திறவாது. அவ்வாறு விளம்பரத்துக்கு இணங்குவதைப் பங்குபற்றலின் நிபந்தனையாக்குவது சுயாதீனமான சம்மதத்துக்குப் பொருந்துமா என்னும் வினா தன்னிடம் விடுக்கப்படவில்லை என்பதால், நீதிமன்றம் அதற்கு விடைகூறாது விட்டது. கட்டம் விசாரிக்கப்பட்டது; கதவு விசாரிக்கப்படவில்லை.

சரி, ஒருவர் துணிந்து ‘இல்லை’ என்று விடையளித்துவிட்டார் எனக் கொள்வோம். அதன்பின் யாது நிகழும்? இதற்கு விடை தருவது வூடூ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் நிகழ்வு. கைத்தொலைபேசிக்குரிய இலகுவான விளையாட்டுக்களை வெளியிடும் நிறுவனம் அது. 2021 ஏப்ரல் தொடக்கம் அப்பிள் தொலைபேசிகளிலே, ஏனைய நிறுவனங்களின் செயலிகளுக்கிடையே ஒருவரைப் பின்தொடர விரும்பும் செயலி அவரிடம் அனுமதி கேட்டேயாதல் வேண்டும். வூடூவின் விளையாட்டொன்றிலே ஒருவர் அவ்வனுமதியை மறுத்தபோது, நிறுவனம் இரண்டாவது சாளரமொன்றைக் காட்டியது. விளம்பரப் பின்தொடர்தல் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதே அதன் சாரம். ஆயினும் அதே நிறுவனத்தின் விளையாட்டுக்கள் அனைத்துக்கும் ஒரு கருவியிற் பொதுவாயமைந்த இன்னோர் அடையாள எண்ணை அது தொடர்ந்து வாசித்து, விளம்பர நோக்கத்துக்குப் பயன்படுத்திற்று. பிரான்சின் அதிகாரசபை 2022 டிசெம்பரில் இதற்கு 3 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

திறனாய்வு நோக்கிலே இந்நிகழ்வு முன்னையதிலும் பாரதூரமானது. முன்னைய வழக்கிலே கேள்வி கேட்கப்பட்ட முறை பிழை. இங்கோ கேள்வி முறையாகக் கேட்கப்பட்டது. விடை முறையாகத் தரப்பட்டது. விடை கேட்டுக்கொள்ளப்பட்டதாக நன்றாக எழுதப்பட்ட வாக்கியமொன்றும் காட்டப்பட்டது. அவ்வாக்கியத்தின் மொழியை மட்டும் ஆராய்வோர் குற்றங்காணார். சொல்லுக்கும் செயலுக்குமிடையே உள்ள தூரத்தை அளந்தபோதே உண்மை வெளிப்பட்டது. ஆகவே இவ்வெழுத்து வகையின் திறனாய்வு எழுத்தோடு மட்டும் நின்றுவிடல் இயலாது என்னும் முடிவுக்கு நாம் வருகின்றோம். அழகியல் வாதிகள் விரும்பும் மூடிய பனுவலாக இதனைக் கொள்வது, அதனை எழுதியோரின் பக்கத்திற் சேர்ந்துகொள்வதேயாகும்.

அடுத்து, விளையாட்டின் தன்மைக்கும் சம்மதத்துக்குமுள்ள தொடர்பு ஆராயற்பாலது. டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட தமது நூலிலே, விளையாட்டின் முதலிலக்கணம் அது தன்விருப்பாற் செய்யப்படும் செயல் என்பதே என வரையறுத்தார். கட்டளைக்காக ஆடப்படுவது விளையாட்டாகாது. ‘விளையாட்டாகச் செய்தேன்’ என்னும் எமது பேச்சு வழக்கும் கடப்பாட்டினின்று விலகிய செயலையே சுட்டுகின்றது. இத்தகைய களத்தின் வாயிலில் நிற்பவர் பெரும்பாலும் இளைஞர். பல வேளைகளிற் சிறுவர். நண்பர் யாவரும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கையில், வெளியே நிற்கும் சிறுவனுக்கு ஒப்புதல் அறிவித்தல் ஒரு கேள்வியாகத் தோன்றுவதில்லை. கடக்கவேண்டிய படியாகவே தோன்றும். அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம், 13 வயதுக்குட்பட்டோரின் தரவைச் சேகரிப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுவது இதனாலேயே.

2022 டிசெம்பரில் அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு, ‘போர்ட்நைட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் அச்சட்டத்தை மீறியது எனக் குற்றஞ்சாட்டி, 275 மில்லியன் டொலர் தண்டத்துக்கு அந்நிறுவனத்தை இணங்கச் செய்தது. குழப்பமான பொத்தான் அமைப்பினால் ஆட்டக்காரர் விரும்பாத கொள்வனவுகளைச் செய்ய நேர்ந்தது என்ற குற்றச்சாட்டின்மீது மேலும் 245 மில்லியன் டொலர் திருப்பிக் கொடுப்பதற்கும் இணக்கங் காணப்பட்டது. அங்கு கூறப்பட்ட இன்னொரு குற்றச்சாட்டு எமது விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தாம் அனுமதியாத கட்டணத்தைக் கடனட்டை நிறுவனத்தின் மூலம் மறுத்தவர்களின் கணக்குகள் பூட்டப்பட்டன. அதனால் அவர்கள் முன்னர் பணங்கொடுத்துப் பெற்ற யாவும் அவர்களுக்கு எட்டாதனவாயின என்பதே அது. இது நுழையும்போது ‘இல்லை’ என்றவர் பற்றிய கதையன்று. உள்ளே வந்த பின்னர் ‘இல்லை’ என்றவரின் கதை. எங்கு சொல்லினும் அச்சொல்லுக்குரிய விலை கதவு அடைபடுவதே.

பணங்கொடுத்துப் பெற்றது எவ்வாறு எட்டாததாகும் என வினவலாம். இணைய விளையாட்டை ‘வாங்குதல்’ என்பது பொதுவாக அதனைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெறுதலேயன்றிப் பொருளை உடைமையாக்குதலன்று. 2024 மார்ச் இறுதியில் யூபிசொவ்ற் நிறுவனம் ‘த குரூ’ என்னும் விளையாட்டின் சேவையகங்களை நிறுத்தியபோது, அதனை வாங்கியோர் எவரும் அதன்பின் ஆட முடியவில்லை. கலிபோர்னியா மாநிலம் அவ்வாண்டில் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டமொன்று, பெறப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாகக் கூறாது ‘வாங்கு’ என்னும் சொல்லை விற்பனையாளர் ஆளலாகாது என்றது. ஒரு சொல்லைக் காக்கச் சட்டம் எழவேண்டியிருந்தது. ‘வாங்கு’ என்பதும் ‘ஏற்கின்றேன்’ என்பதும் ஒரே வாயிலின் இரு பொத்தான்கள். இரண்டும் மக்கள் வழக்கிலுள்ள பொருளைக் காட்டி அழைத்து, வேறு பொருளிற் செயற்படுகின்றன.

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படுவதையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். விலையின்றி ஆடக்கூடிய விளையாட்டுக்கள் விளம்பரத்தாலேயே வாழ்கின்றன. பணங்கொடுக்க இயலாத சிறுவனுக்கும் அவ்வழியால் அரங்கு திறக்கின்றது. அதனைத் தடுப்போர் ஏழையின் கேளிக்கையைத் தடுப்போராவர் என்பர். இதிலே உண்மை உண்டு. ஆனால் விளம்பரம் வேறு, பின்தொடர்தல் வேறு. விளையாட்டரங்கின் மதிலிலே ஒட்டப்பட்ட விளம்பரம், பார்ப்பவர் வீடு திரும்பும் வழியைக் குறித்துக்கொள்வதில்லை. ஆடப்படும் விளையாட்டின் இயல்பை மட்டும் கொண்டு விளம்பரத்தைத் தெரிந்து காட்டவும் இயலும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபை 2020 மே மாதத்து வழிகாட்டலிலே, குக்கிக்கு இணங்குவதை நுழைவுக்கு நிபந்தனையாக்கலாகாது எனக் கூறியுள்ளது. ‘இணங்குக அல்லது பணஞ்செலுத்துக’ என்னும் தெரிவை வைத்த மெற்றா நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணைக்குழு 2025 ஏப்ரலில் 200 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. ஏழையின் பெயராற் பேசுவோர், அந்தரங்கம் பணமுடையார்க்கு மட்டுமே உரிய பண்டமாவதைத்தான் நியாயப்படுத்துகின்றனர் என்பது இதனாற் புலப்படும்.

‘உங்கள் பெயரை நாம் அறியோம், ஓர் எண்ணை மட்டுமே அறிவோம்’ என்பது இந்நிறுவனங்கள் கூறும் மற்றுமொரு சமாதானம். பெயர் சுட்டாமை பற்றித் தமிழ் மாணவர் ஓரளவு அறிவர். அகப்பாடலிலே ஒருவரது பெயரைச் சுட்டுதலாகாது எனத் தொல்காப்பியம் விதித்தது. மிக அந்தரங்கமான உணர்வைப் பலரறியப் பாடிய மரபு, அவ்வுணர்வுக்குரியவரை மறைத்துக் காத்தது. பெயர் நீங்கியதால் ஒருவரின் அநுபவம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. பின்தொடரும் எண்ணோ இதற்கு நேர்மாறானது. பெயரை நீக்கிவிட்டு ஆளை மட்டும் கூட்டத்தினின்று பிரித்தெடுக்கின்றது. பெயர் பலருக்கு ஒன்றாயிருத்தல் கூடும்; அவ்வெண் ஒருவருக்கே உரியது. பெயரின்மை காப்பாவதும் கண்ணியாவதும் அதனைக் கையாளும் நோக்கத்தைப் பொறுத்ததே.

இதுவரை கூறியவற்றிலிருந்து, ஒப்புதல் அறிவித்தலொன்றை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்களைத் தொகுத்துக்கொள்ளலாம். ஏற்பதைப்போல மறுப்பதும் எளிதா? மறுத்தபின் செயல் சொல்லோடு பொருந்துகின்றதா? மறுத்தவருக்கும் கதவு திறந்திருக்கின்றதா? முதலாம் வினாவை மொழியையும் வடிவத்தையும் கொண்டு விடுக்கலாம். இரண்டாவதற்குப் பொறியியலாளரின் துணை வேண்டும். மூன்றாவது சமூக நீதி பற்றியது. அதற்கு விடைகாணாது முன்னிரண்டையும் திருத்துவது, பூட்டிய கதவுக்கு வண்ணந் தீட்டுவதையே ஒக்கும்.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் பற்றிப் பேசுகின்றது. இந்நாட்டிலே இத்தகைய அறிவித்தல்கள் தமிழிலும் எழுதப்படல் வேண்டும். அவற்றை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இன்று பல்கலைக்கழகத்திற் பயில்வோரிலிருந்தே வருவர். ‘இணக்கம்’, ‘ஒப்புதல்’, ‘சம்மதம்’ என்பனவற்றுள் எதனை எங்கு ஆளுவது என்பது அகராதிப் பிரச்சினை மட்டுமன்று. அடங்கிப்போதலையும் இணக்கம் என்கின்றோம். மனம் ஒத்தலையும் இணக்கம் என்கின்றோம். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் ஆற்றலை மொழி இழந்துவிடுமாயின், மறுக்கும் ஆற்றலை அம்மொழி பேசும் மக்கள் இழப்பதற்கு நெடுங்காலம் செல்லாது.